மேட்டிலே ஒருவர், மடுவிலே ஒருவர்!

"மனை என்னுடையது. மண் நான் வாங்கியது. பணம் என் பெட்டியிலிருந்து போனது. கொட்டுகிறேன், கேட்பதற்கு நீ யார்?"

தோழர்களே! இந்தக் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வேளச்சேரியிலே கேட்கிறது, முடிச்சூரிலே கேட்கிறது, ஏரி மறைந்து நகர் எழுந்த இடத்திலெல்லாம் கேட்கிறது. "நீ யார்" என்று விரட்டப்பட்டவன் எவன்? அடுத்த மனைக்காரன்! ஆலையிலே உழைத்து, சீட்டுப் பிடித்து, இல்லாளின் சங்கிலியை அடகு வைத்து, நாலு சுவரும் ஒரு கூரையும் எழுப்பியவன். அவன் கேட்டது சொத்திலே பங்கா? இல்லை! "அய்யா, உங்கள் வீட்டு மழைத் தண்ணீர் என் அடுப்புக்குள் வருகிறதே" என்றான். அதற்குத்தான் அந்தப் பதில்.

மண் கொட்டுகிறவரைக் கொடியவர் என்று நாம் கூறமாட்டோம். அவரும் பட்டவர்தான். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், தாம்பரத்திலே ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை தாண்டிற்று. கட்டிலும் மிதந்தது, குழந்தையின் பாடப் புத்தகமும் மிதந்தது. 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்து மீண்டும் அதே பாடத்தை நடத்திற்று. பயந்தவர் மேடு தேடுகிறார். மேடு கிடைக்காவிட்டால் மேட்டை உண்டாக்குகிறார். அந்தப் பயம் நமக்குப் புரிகிறது. ஆனால், அவருடைய பயத்துக்கு விலையைப் பக்கத்து வீட்டுக்காரன் ஏன் கொடுக்க வேண்டும்? அதுதான் நாம் கேட்பது.

கணக்குப் பார்ப்போம், வாருங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன்மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ 22,300 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இரண்டு வந்து கொட்டினாற்போல! தாம்பரத்திலே பெய்த 49 சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர், லாரி ஒன்பது. மனை தாழ்வாக, திறந்த மண்ணாக இருந்தபோது அதிலே ஒரு பகுதியை நிலம் குடித்தது. ஒரு பகுதி அங்கேயே நின்று மெல்ல வடிந்தது. இப்போது?

மூன்றடி உயர்த்துகிறார். 7,200 கன அடி மண். வண்டிக்காரர் பேச்சிலே 72 யூனிட். அந்த 7,200 கன அடியும் முன்பு வெள்ளம் வந்தால் தண்ணீர் நின்ற இடம். இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தங்க இடமிருந்தது. அந்த இடத்தை மண் பிடித்துக்கொண்டது. மண் வந்ததென்பதற்காக மழை குறையுமா? மேலே சிமெண்டும் பூசிவிட்டால் சொட்டுக் கூட உள்ளே இறங்காது. அத்தனையும் ஓடுகிறது, பள்ளம் பார்த்து ஓடுகிறது. பள்ளம் எது? ஏழையின் வாசல்! ஒருவர் செய்தால் ஒரு வீடு மூழ்கும். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து மூன்றாமவர் என்று தெருவே உயர்ந்தால், வசதியற்ற கடைசி வீடு குளமாகிறது. அந்தக் கடைசி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

அந்த 72 யூனிட் சவுடும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. எங்கோ ஓர் ஏரியையோ குன்றையோ தோண்டியது. ஓரிடத்திலே குழி, ஓரிடத்திலே மேடு, இரண்டுக்கும் நடுவே நம் மக்கள்!

சுவரின் கதை தனி. மூன்றடி மண்ணை இரு வீட்டுக்கும் நடுவேயுள்ள கம்பவுண்டுச் சுவரிலே சாய்த்துக் கொட்டுகிறார்கள். மறைப்புக்காகக் கட்டிய சுவர் அது. மண்ணைத் தாங்கக் கட்டியதல்ல. மழையிலே ஊறிய மண் பாரமாகித் தள்ளுகிறது. முதலில் ஓதம், பிறகு விரிசல், பிறகு சாய்வு. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரிலே, மேட்டு வீட்டுச் சுவர் தாழ்ந்திருந்த ஆதிதிராவிட மக்களின் வீடுகள்மீது விழுந்து 17 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். அது மனைக்கு மண் கொட்டிய விவகாரமல்ல என்பதை நாம் அறிவோம். எனினும், மழையிலே நனைந்த சுவர் எந்தப் பக்கம் விழும், யார் தலைமீது விழும் என்பதை நாடு அன்று கண்டது.

மனைக்காரரை மட்டும் குற்றக்கூண்டிலே நிறுத்திவிட்டு, சாலை போடுகிறவர்களைத் தப்பவிட நமக்கு மனமில்லை. பழைய தார்மேல் புதிய தார், அதன்மேல் இன்னொரு தார்! ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் ஏறுகிறது. ஏறிப்போக வேண்டிய வாசற்படி இறங்கிப்போகிற படியாகிவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போடவேண்டும், சாலையின் மட்டம் உயரக்கூடாது என்று 2021ஆம் ஆண்டு அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. உங்கள் தெருவிலே சாலை போட வருகிறார்களா? சுரண்டும் எந்திரம் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால், வேலை தொடங்குமுன் கேளுங்கள். தார் ஆறியபின் கேட்டுப் பயனில்லை.

ஊரின் பெரிய கதையும் இதே கதைதான். 1920களிலே மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் பிறந்தது. ஏரி போய்விட்டது, மேற்கு மாம்பலத்திலே 'லேக் வியூ' என்ற சாலைப் பெயர் மட்டும் மிச்சம்! வேளச்சேரித் தண்ணீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணை சதுப்பிலே குப்பை மலை ஏறிற்று, கட்டடங்கள் ஏறின. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது, மகிழ்ச்சி. இழந்த பரப்பு பட்டியலால் திரும்புமா? ஒக்கியம் மடுவு வழியே கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர், வழியெல்லாம் மேடு கண்டு திகைக்கிறது.

"சட்டம் இருக்கிறதா?" என்பீர்கள். இருக்கிறது! வெள்ளைக்காரன் காலத்து 1882ஆம் ஆண்டு அனுபோக உரிமைச் சட்டம், ஏழாவது பிரிவு. மேட்டு நிலத்திலே இயற்கையாக விழும் தண்ணீர், இயற்கையாகவே தாழ்ந்த நிலத்துக்கு ஓட, தாழ்ந்த நிலத்துக்காரர் இடம் தரவேண்டும் என்கிறது. 'இயற்கையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆகவே, தாழ்ந்த மனையை வாங்கி அதை மண்ணால் அடைத்து, மேலிருந்து வந்த நீரைத் திருப்பி அனுப்புகிறவர் இந்தச் சட்டத்தை மீறுகிறார். செயற்கையாக மேடாக்கிய மனையிலிருந்து குழாய் வைத்து அயலான் முற்றத்திலே கொட்டுகிறவரும் இதைக் காட்டித் தப்பமுடியாது. உரிமையியல் நீதிமன்றத்திலே தடை கேட்கலாம். பொதுக் கால்வாயையோ பொது வழியையோ அடைத்திருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பெயரைப் பாருங்கள்! தமிழன் வாயிலே நுழைகிறதா?) 152ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

நீதிமன்றப் படி ஏறுவதற்குப் பணமும் காலமும் வேண்டும். இரண்டும் நம்மவரிடம் குறைவு. எனவே கொத்தனாரைக் கேட்போம். அவர் சொல்வார்: வீட்டை உயர்த்த மனை முழுவதையும் உயர்த்த வேண்டியதில்லை. அடித்தளத்தை உயர்த்து, தூண் நிறுத்தி அதன்மேல் தளம் போடு, சுற்றியுள்ள நிலத்தைத் தாழ்வாகவே விடு. வீடும் நனையாது, தண்ணீருக்கும் வழியிருக்கும். பழைய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அதிலும் வீடுதான் உயர்கிறது, முற்றமல்ல. கூரைத் தண்ணீரை மழைநீர்த் தொட்டிக்கும் உறைகிணற்றுக்கும் விடு. 2003ஆம் ஆண்டிலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். எல்லைச் சுவரை ஒட்டி உன் பக்கத்திலே வாய்க்கால் வெட்டி, தெரு வடிகாலிலே சேர். மண் கொட்டியே தீரவேண்டுமென்றால், அதைத் தாங்கத் தனிச் சுவர் கட்டு. அடுத்தவன் சுவரிலே சாய்க்காதே.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலே வருகிறது. ஆவணிக்குள்ளாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் கொத்தனார் தோழர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் டியூப் மட்டம் இருக்கும். தண்ணீர் ஊற்றிய வெறும் குழாய்தான், பொய் சொல்லத் தெரியாதது. தெருக்கோடியிலிருந்து வடிகால் வரை ஒவ்வொரு வாசலின் மட்டத்தையும் அளந்து நோட்டிலே எழுதுங்கள். எந்த வீடு எத்தனை அங்குலம் தாழ்ந்தது, எங்கே வாய்க்கால் அடைபட்டது என்பது அதிலே தெரியும். புதிதாக மண் இறங்கும் மனை இருந்தால், லாரி வருமுன்பே படம் பிடித்து வையுங்கள். அந்த மனைக்காரரையும் அழைத்து அளவைக் காட்டுங்கள், சண்டைக்குப் போகவேண்டாம். அவர் இணங்கினால் வாய்க்காலுக்கான செலவைத் தெருவே பகிர்ந்துகொள்ளலாம். இணங்காவிட்டால் அதே நோட்டின் நகல், தெருவார் அத்தனை பேரின் கையெழுத்தோடு, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போகட்டும். கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்க மறவாதீர்கள்.