மலைச்சரிவும் கிடைத்தூரமும்: வட்டவடை நிலங்களை அளக்கும் முறை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனையும் பாம்பாடும் சோலையையும் கடந்து சென்றால் வரும் வட்டவடை, தமிழ் பேசும் வேளாண் குடிகள் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிக்கும் ஊராகும். இங்கும் அருகிலுள்ள காந்தளூரிலும் விளையும் பூண்டு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வட்டவடை, கொட்டக்கம்பூர் வருவாய்க் கிராமங்களின் ஒரு பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் 2006ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பின், பட்டாவும் எல்லையும் இப்பகுதியில் நீண்டகாலமாகப் பேசுபொருளாக இருந்துவருகின்றன. இத்தகைய ஊரில் ஒருவருக்கு எவ்வளவு நிலம் உண்டு என்பதற்கான விடை, அந்நிலம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

சமதளத்தில் தூரம் அளப்பது எளிய வேலை. ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் குன்டர் 1620ஆம் ஆண்டளவில் வகுத்த அளவைச் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால், ஏக்கரில் நூறில் ஒரு பங்கான சென்ட், சரியாக ஆயிரம் சதுரக் கண்ணியாக அமைகிறது. பிற்காலத்தில் 20 மீட்டர், 30 மீட்டர் சங்கிலிகளும் எஃகு நாடாக்களும் வந்தபோதும் அளக்கும் முறை மாறவில்லை. இரு எல்லைக் கற்களுக்கிடையே கம்புகளை ஒரே நேர்க்கோட்டில் நட்டு, அக்கோட்டைவிட்டு விலகாமல் சங்கிலியை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஓர் இரும்பு முளையைக் குத்தி எண்ணிக்கொண்டு செல்வர்.

சரிவில் இதே சங்கிலியைத் தரையோடு ஒட்டி இழுத்தால் கிடைப்பது சரிவுத்தூரம். வரைபடத்திலும் ஆவணத்திலும் இடம்பெற வேண்டியதோ, இரு கற்களையும் மேலிருந்து நேர்க்கீழாக நோக்கினால் அவற்றிடையே தெரியும் கிடைத்தூரம். மேடு பள்ளம் ஒவ்வொன்றின் மேற்பரப்பையும் விரித்து அளந்தால், அடுத்தடுத்த நிலங்களின் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. கிராமத்தின் மொத்தப் பரப்பும் அதன் எல்லைக்குள் அடங்காது. மரமும் பயிரும் சரிவுக்குச் செங்குத்தாக வளராமல் வானை நோக்கியே வளர்வதால், வேர்விட்டு நிற்க அவற்றுக்குக் கிடைக்கும் இடமும் ஏறக்குறைய கிடைப்பரப்பை ஒட்டியதே.

இவ்விரு தூரங்களுக்கும் உள்ள வேறுபாடு, சரிவு கூடக்கூட விரைந்து வளர்கிறது. 3 பாகைச் சரிவில் 20 மீட்டருக்கு ஏற்படும் பிழை 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. 15 பாகையில் அது 68 சென்டிமீட்டராகிறது. 30 பாகையிலோ, தரையில் 20 மீட்டர் அளந்தவருக்கு உண்மையில் கிடைப்பது 17.32 மீட்டர் மட்டுமே. அத்தகைய சரிவில் தரையோடு அளந்து ஓர் ஏக்கர் என்று விற்கப்படும் துண்டு, கிடைக்கணக்கில் ஏறக்குறைய 86.6 சென்ட்தான். வேறு பல பிழைகள் ஒருமுறை கூடியும் மறுமுறை குறைந்தும் தம்முள் ஈடாகிவிடக்கூடும். சரிவால் வரும் பிழையோ எப்போதும் தூரத்தைக் கூட்டியே காட்டுவதால், சங்கிலிக்குச் சங்கிலி சேர்ந்துகொண்டே போகிறது, அதன் இழப்பும் வாங்குபவர் தலையிலேயே விழுகிறது.

இதைத் தவிர்க்கும் பழைய வழி படிமுறை அளவை எனப்படும். மேல்பக்கம் நிற்பவர் நாடாவின் தொடக்க முனையைத் தரையிலுள்ள குறிமேல் அழுத்திப் பிடிக்க, கீழ்ப்பக்கம் நிற்பவர் தம் முனையை உயர்த்தி, நாடா கிடைமட்டமாக நிற்கும்வரை சரிசெய்து, அங்கிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொடும் புள்ளியில் முளையைக் குத்துவார். அடுத்த படி அந்த முளையிலிருந்து தொடங்கும். இரண்டடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் 5 மீட்டர் நாடாவை மட்டமாகப் பிடிக்க வேண்டுமானால் கீழே நிற்பவரின் கை 2.5 மீட்டர் உயரத்தை எட்ட வேண்டும் என்பதால், அங்கே 3 மீட்டருக்கும் குறைவான சிறு படிகளே ஏற்றவை. மேலிருந்து கீழாக அளப்பதே நல்லது என்பதற்கும் காரணம் உண்டு: மேலேறி அளந்தால், பின்னால் நிற்பவர் நாடாவைத் தலைக்குமேல் தூக்கியபடி, இழுவிசைக்கும் ஈடுகொடுத்து, தூக்குக்குண்டைக் குறியின்மேல் அசையாமல் நிறுத்த வேண்டியிருக்கும்.

வட்டவடையின் படிநிலங்கள் இந்த அளவைமுறைக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. ஒவ்வொரு தட்டும் ஏறக்குறைய கிடைமட்டமாக இருப்பதால், அதன் அகலத்தை நேரடியாக அளந்து கூட்டலாம். எனினும் தட்டுகளுக்கிடையே உள்ள வரப்புச் சுவர் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வு எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறதோ, அதையும் கிடைத்தூரமாகச் சேர்க்க வேண்டும்; அதை விட்டுவிட்டால் பரப்பு குறைந்தும், சுவரின் சாய்ந்த முகத்தோடு நாடாவை ஓட்டினால் பரப்பு மிகுந்தும் கணக்காகும். சரிவு ஒரே சீராக இருக்குமிடத்தில் சரிவுத்தூரத்தை அளந்து, சாய்வுமானியால் கோணத்தைக் கண்டு, அக்கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கிடைத்தூரத்தைப் பெறலாம்.

பெருந்தூரங்களை மலைமீது சங்கிலியால் அளப்பது மிகக் கடினம் என்பதால் முக்கோண அளவை கைக்கொள்ளப்பட்டது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே, 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை மிகுந்த நுட்பத்துடன் அளந்தார். வெயிலில் எஃகு நீள்வதற்கும் உரிய திருத்தம் செய்யப்பட்டது. இவ்வாறு ஒரு கோட்டைத் துல்லியமாக அளந்துகொண்டால், அதன்பின் கோணங்களைக் கொண்டே தொலைவிலுள்ள சிகரங்களின் இடத்தைக் கணித்துவிட முடியும். பின்னர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை வார்டு, கானர் என்னும் அளவையாளர்கள் அளந்து வரைபடமாக்கிய பணி 1816 முதல் 1820 வரை நடைபெற்றது.

கேரளம் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கிய டிஜிட்டல் நில அளவையில், செயற்கைக்கோள் சமிக்ஞைகளால் இயங்கும் ஆர்டிகே கருவிகளும், ஒளிக்கதிரால் தூரத்தையும் கோணத்தையும் ஒருங்கே அறியும் டோட்டல் ஸ்டேஷனும் பயன்படுகின்றன. முன்பு தூக்குக்குண்டாலும் கணக்காலும் பெற்ற கிடைத்தூரத்தை இவை உடனுக்குடன் தருகின்றன. ஆயினும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலும், குத்தகை பேசும்போதும், வேலி போடும்போதும் இன்றும் கைக்கு வருவது சாதாரண நாடாதான். ஆகவே சரிவான நிலத்தை வாங்குபவரோ பிரித்துக்கொள்பவரோ, சொல்லப்படும் சென்ட் கணக்கு கிடைத்தூரத்தில் வந்ததா, தரையோடு அளந்து வந்ததா என்று முதலில் கேட்டுத் தெளிவது அவசியம்; அவ்வாறு கேட்பது, பின்னாளில் உறவுக்குள்ளும் ஊருக்குள்ளும் எழக்கூடிய பல எல்லைத் தகராறுகளைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடும்.