தாய்மையும் ஆசாரியத்துவமும்

தொழில்முறைக் குருமார் என்று ஒரு வகுப்பே இல்லாத மார்மன் சபையில், கடைக்காரரும் விவசாயியும் பள்ளி ஆசிரியரும் ஒருவர் தலைமேல் ஒருவர் கைவைத்து வழங்கிவரும் தெய்வ அதிகாரமே ஆசாரியத்துவம். பன்னிரண்டு வயதை எட்டும் ஆண்டில் ஒரு சிறுவனுக்கும் அதன் முதற்படி கிடைத்துவிடுகிறது. அவனுடைய தாய்க்கோ, பாட்டிக்கோ ஆயுள் முழுவதும் அது கிடைப்பதில்லை. பெண்களுக்கு என்னதான் உண்டு என்று கேட்போருக்குச் சபையின் போதகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த மறுமொழி, அவர்களுக்குத் தாய்மை உண்டு என்பதாகும்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று, சபையார் உபவாசமிருந்து கூடும் ஆராதனையில், புதிதாய்ப் பிறந்த சிசுவுக்குப் பெயரிட்டு ஆசி கூறுவது அவர்கள் வழக்கம். தகப்பன் குழந்தையை ஏந்திக்கொண்டு முன்னே வருகிறான். பாட்டனும் சிற்றப்பனும் தாய்மாமனுமாக, ஆசாரியத்துவம் பெற்ற ஆண்கள் சிலர் வட்டமாகச் சூழ்ந்து, இடக்கையை அடுத்தவர் தோளிலும் வலக்கையைக் குழந்தையின் அடியிலும் வைத்துக்கொள்ள, தகப்பன் பரலோக பிதாவை விளித்து, குழந்தையின் பெயரைச் சொல்லி ஆசி கூறுகிறான். பத்து மாதம் சுமந்து பெற்றவள் பெஞ்சியில் அமர்ந்து கண்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதைக் கண்டு, வெறும் ஆண் ஆதிக்கம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. மனித ஆத்மாக்கள் பிறவிக்கு முன்பே தேவனுடைய சந்நிதியில் வாழ்ந்தவை என்றும், சரீரம் பெறுவதற்காகவே அவை பூமிக்கு வருகின்றன என்றும், பரலோகத்தில் பிதா மட்டுமல்லாமல் மாதாவும் உண்டு என்றும் நம்புகிற ஒரு சமயத்தில், காத்திருக்கும் ஆத்மாவுக்குச் சரீரம் அளிப்பவள் சிருஷ்டித் தொழிலிலேயே பங்கு கொள்கிறவள் ஆகிறாள். அந்தப் பரலோக மாதாவைப் பாடிய எலைசா ஸ்னோவின் கவிதை 1845இல் வெளிவந்தது. இன்றும் அது அவர்கள் கீர்த்தனையாக ஒலிக்கிறது. முக்தியின் உச்ச நிலையும் தனியனுக்குக் கிட்டுவதன்று, நித்தியத்துக்கும் இணைக்கப்பட்ட தம்பதியருக்கே உரியது. இத்தகைய நம்பிக்கையில் வளர்ந்த ஒரு பெண், தன் தாய்மையைத் தெய்வத் தொண்டாகக் கருதி மனநிறைவு கொள்வாளானால், அதில் பரிகசிக்க எதுவும் இல்லை.

எனினும், தாய்மையோடு வைத்து எண்ண வேண்டியது தந்தைமையையே அல்லவா? மார்மன் ஆண் தந்தையாகவும் இருக்கிறான், ஆசாரியனாகவும் இருக்கிறான். ஒன்றுக்காக மற்றதை அவன் விட்டுக்கொடுப்பதில்லை. தாய்மை உலகத்துப் பெண்களுக்கெல்லாம் பொதுவாய் இயற்கை அளித்தது; அதைப் பெற ஞானஸ்நானமோ ஆயரின் நேர்காணலோ வேண்டியதில்லை. ஆசாரியத்துவமோ சபை வழங்குவது, தவறினால் சபை பறித்துக்கொள்ளவும் கூடியது. மணமாகாதவளுக்கும் மகப்பேறு வாய்க்காதவளுக்கும் இந்த ஈடு என்ன ஆறுதல் தரும்? சபையின் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைமைக் குழுவில் இருந்த ஷெரி டியூ, தாமே மணமாகாதவராயிருந்தும், பிள்ளை பெற்றாலும் பெறாவிட்டாலும் பெண்கள் அனைவரும் தாய்மாரே என்று 2001இல் பேசினார். கனிவான பேச்சுத்தான், ஆனால் வாதம் எவ்வளவு தூரம் நீட்டப்பட வேண்டியிருக்கிறது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

சபையின் பூர்வ சரித்திரமோ வேறு கதை சொல்கிறது. 1842 மார்ச் 17 அன்று, இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் செங்கற்கட்டடக் கடையின் மாடியில் பெண்கள் கூடி, அவருடைய மனைவி எம்மாவைத் தலைவியாக்கி ஒத்தாசைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயுற்றோர்மீது கைவைத்து ஜெபிக்கும் பெண்களை ஜோசப் தடுக்கவில்லை, ஆதரித்தே பேசினார். பிற்பாடு யூட்டா குடியேற்றங்களில், பிரசவம் நெருங்கிய ஸ்திரீயின் வீட்டுக்கு மூத்த பெண்கள் சென்று, அவள் உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, அங்கம் அங்கமாக ஆசி கூறி, தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள். வைத்தியரும் மருந்தும் எளிதில் கிட்டாத அந்த வனாந்தர வாழ்வில் அச்சடங்கு எத்தனை தைரியம் அளித்திருக்கும்! தாய்மையும் பரிசுத்த அதிகாரமும் அங்கே ஒரே கையில் கூடியிருந்தன. இருபதாம் நூற்றாண்டில் நிர்வாகம் ஒருமுகப்பட, இவ்வழக்கம் தேய்ந்து, 1946இல், ஆசாரியத்துவம் பெற்ற மூப்பர்களையே அழைத்துக்கொள்வது நலம் என்று அப்போஸ்தலர் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித் எழுதிய கடிதத்தோடு ஏறக்குறைய முடிந்தது. தாய்மையை ஆசாரியத்துவத்துக்கு இணையாக வைக்கும் பிரசங்கம் வலுப்பெற்றதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் என்பதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

1995இல் வெளியான குடும்பப் பிரகடனம், தலைமை தாங்குவதைத் தகப்பனுக்கும், பிள்ளைகளைப் பேணுவதை முதன்மையாகத் தாய்க்கும் விதித்தது. பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேட் கெல்லி 2014 ஜூனில் சபையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் அப்போஸ்தலர் டாலின் ஓக்ஸ், சபைப் பணியில் அமர்த்தப்பட்ட பெண்கள் செலுத்துவதும் ஆசாரியத்துவ அதிகாரமே, பதவி மட்டும் அவர்களுக்கில்லை என்று விளக்கினார். ஆலயங்களுக்குள்ளே பெண்களுக்குக் கழுவுதல், அபிஷேகம் ஆகிய சடங்குகளைச் செய்பவர்கள் இன்றும் பெண்களே. பெண்ணின் கை தெய்வ ஆசியைத் தாங்காது என்று சபையே கருதவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2019 அக்டோபரில், ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நிற்கும் உரிமை பெண்களுக்கும் சிறுமியருக்கும் வழங்கப்பட்டது. தண்ணீரில் இறங்கி ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை இன்னும் ஆண்களிடமே இருக்கிறது.