ஆரணிப் பட்டுத் தெருவில் மூன்றடி எத்தன்: தெரியுமா?

நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டியே கதையை நடத்தும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஹாஃப்லிங் என்றோர் இனம் உண்டு. உயரம் ஏறக்குறைய மூன்றடி, எடை 18 கிலோ! இந்தக் குட்டி ஆளே பெயர் மாற்றிக்கொண்டவன் என்பது தெரியுமா? 1974இல் வெளிவந்த முதல் பதிப்பில் இவன் ‘ஹாபிட்’. அந்தப் பெயர் வரும் டோல்கின் கதைகளின் உரிமைக்காரர்கள் ஆட்சேபித்ததும், சில வருஷத்திலேயே ‘ஹாஃப்லிங்’ ஆகிவிட்டான். அவனுக்கேற்ற திருட்டுத் தொழில் 1975இல் வந்த துணைநூலில்தான் சேர்ந்தது. ‘ரோக்’ என்ற இன்றைய பெயரில் அது தனித் தொழிலானது 2000இல்.

அப்படி ஓர் எத்தனை உருவாக்க ஐரோப்பியக் கோட்டையும் சத்திரமும் வேண்டும் என்று யார் சொன்னது? பட்டு நெய்யும் ஆரணி போதும்! சின்னான் என்று பெயர் வைப்போம். பட்டுச் சேலைத் தரகனாக நடிப்பவன், விற்பதெல்லாம் போலி.

அசல் ஜரிகைக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? சிவப்புப் பட்டு நூல். அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதற்கும் மேல் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். நகத்தால் சுரண்டினால் உள்ளேயிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். போலியில் வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி. இதில் ஒருவகைக்குச் சந்தையில் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? ‘டெஸ்டட் ஜரிகை’! பார்டரை வெளிச்சத்தில் விரித்து, “டெஸ்டட் ஜரிகைம்மா, தைரியமா எடுத்துக்கோங்க” என்று சின்னான் சொன்னால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சோதித்துத் தேறிய ஜரிகை என்று எதிரே இருப்பவர் தாமே நினைத்துக்கொள்வார். பொய் சொல்லாமலே ஏமாற்றுகிறவன்தான் மேஜையில் ஜொலிப்பான் என்பது என் திடமான எண்ணம். வெறும் புளுகனை இரண்டாவது ஆட்டத்திலேயே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எண்களையும் பார்த்துவிடலாம். 2014 விதிகளின்படி ‘லைட்ஃபுட்’ வகை ஹாஃப்லிங் ரோக்காக எடுங்கள். சுறுசுறுப்புக்கு 2, வசீகரத்துக்கு 1 கூடுதலாகக் கிடைக்கும். பின்னணிக்கு ‘சார்லட்டன்’. வேஷம் போடும் பெட்டி, போலி ஆவணம் தயாரிக்கும் பெட்டி இரண்டிலும் தேர்ச்சி, கூடவே இன்னொரு ஆளாக வாழப் பொய்யான அடையாளம், எல்லாம் அதிலேயே வந்துவிடும்! வசீகரத்தை 15 ஆக்கி, ஏமாற்றும் திறனில் இரட்டைத் தேர்ச்சி எடுத்தால், முதல் நிலையிலேயே ஒவ்வொரு உருட்டலிலும் 6 கூடும். சாதாரணக் காவலாளிக்கு அதைக் கண்டுபிடிக்கக் கூடுதலாக ஒன்றுமே கிடையாது.

அதிர்ஷ்டக் கதை இன்னும் அதிசயம். நம் வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடும்போது எதற்காகத் தவம் கிடப்போம்? ஒன்றுக்காக! அது விழாமல் காய் உள்ளே இறங்காது. இரண்டு கட்டைகளை உருட்டினால் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் இருபது முகப் பகடையில் எல்லாமே தலைகீழ்; அங்கே ஒன்றுதான் மகா கெட்ட எண். ஆனால் ஹாஃப்லிங்குக்கு ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம். அப்படியானால் அவன் ஒன்றோடு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 400இல் ஒன்று!

ரோக்குகளுக்குள் ஒரு ரகசியப் பேச்சு உண்டு. ஊர் நடுவே பேசினாலும் மற்றவர்களுக்கு விளங்காது. நம் மாட்டுச் சந்தைத் தரகர்கள் இதில் கெட்டிக்காரர்கள். துண்டை மேலே போட்டுக்கொண்டு, அதற்குள் விரலைத் தொட்டுத் தொட்டே விலை பேசி முடிப்பார்கள். சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் தொகை வெளியே தெரியாது. சின்னானுக்கு இதையே கொடுங்கள்.

நாக்கு? அதற்கும் வெகுதூரம் போக வேண்டாம். ஆரணிக்குப் பக்கத்திலேயே செய்யாறு வட்டத்தில் இருக்கிறது புரிசை, தெருக்கூத்தின் பெரிய ஊர். 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமியை ஆட்கொண்டது இவ்வூர்க் கூத்துதான். கூத்தில் கட்டியக்காரனைக் கவனித்திருக்கிறீர்களா? அரசனை வரவேற்பவன் அவன், வாயில்காப்பவன் அவன், தூதனும் அவனே. கிரீடமும் புஜகீர்த்தியுமாக நிற்கும் ராஜாவை நேருக்கு நேர் கிண்டல் செய்துவிட்டு, அடுத்த நொடியே கைகட்டி நிற்பான். தண்டனை கிடையாது! சபையில் எவரும் பொருட்படுத்தாத ஆளாக இருப்பதே அவனுடைய கவசம். சின்னானின் மூன்றடி உயரமும் அதே கவசம்தான்.

இதில் ஆதி உதாரணம் வாமனர். மூன்றடி மண் கேட்ட குறள் உருவத்தைச் சுக்ராச்சாரியார் அடையாளம் கண்டு எச்சரித்தும், மகாபலி தாரை வார்த்துவிட்டான். உண்மை தெரிந்த பிறகும் எதிராளி இசைந்து கொடுக்கிறான்! விளையாட்டின் விதிப்புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை. அந்தச் சின்ன உருவம் பிறகு எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பக்கத்துக் காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் சன்னதியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். 30 அடிக்கு மேல்!

சின்னானை யாரால் மடக்க முடியும்? கதை நடத்துபவரே, ஒரு வயதான நெசவாளர் அம்மாவைக் கொண்டுவாருங்கள். முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சி கிழித்துக் காட்டுவார். அசல் பட்டு என்றால் முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் பொடியாக உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிக் குண்டுமணியாகத் திரளும். அங்கே 6 கூடினாலும் 16 கூடினாலும் நாக்குக்கு வேலையில்லை. தன்னைவிடப் பெரிய உருவத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும் வரம் ‘லைட்ஃபுட்’ ஹாஃப்லிங்குக்கு இருக்கிறதே, அது உதவப்போவது இப்போதுதான். முகூர்த்த மாதம், கடை நிறையக் கல்யாண வீட்டுக்காரர்கள்; உருட்டுங்கள் பகடையை!