காரில் பாடுது, வீட்டில் பாடலை: ஒரே சிடி எல்லா பிளேயரிலும் ஓடாதது ஏன்?

காரில் ஜம்மென்று பாடும் ஆடியோ சிடி, வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்கிறது. லேப்டாப்பில் திறக்கும் டிஸ்க், பழைய மியூசிக் சிஸ்டத்தில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சிடி போச்சு" என்று குப்பையில் போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பல நேரம் சிடி நன்றாகத்தான் இருக்கும். அதைப் படிக்க அந்த பிளேயருக்குத்தான் தெரியாது.

சிடிக்குள் என்ன இருக்கிறது?

ஆடியோ சிடிக்கான விதிகளை பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980-ல் சேர்ந்து வகுத்தன. அந்த விதித் தொகுப்புக்கு 'ரெட் புக்' என்று பெயர். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுத வேண்டும் என்கிறது அது. அந்த எண்கள் டிஸ்க்கின் உள் விளிம்பில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் சுருளாகப் போகும் ஒரே தடத்தில், நுண்ணிய பள்ளங்களாகப் பதிவாகின்றன.

பிளேயரில் உள்ள 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அந்தத் தடத்தின் மீது விழுந்து திரும்புகிறது. திரும்பும் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்துத்தான் பிளேயர் பாட்டைப் படிக்கிறது. சிடியைப் போட்டதும் அது முதலில் தேடுவது, உள் விளிம்பில் உள்ள பொருளடக்கத்தை. எத்தனை பாட்டு, எது எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் அது. அதைப் படிக்க முடியாவிட்டால், பாட்டு முழுசாக இருந்தாலும் பிளேயர் கையை விரித்துவிடும்.

'ஆடியோ சிடி'யா, 'டேட்டா சிடி'யா?

வீட்டிலோ கடையிலோ பர்ன் செய்த டிஸ்க் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அசல் ஆடியோ சிடியில் 74 முதல் 80 நிமிடம் வரைதான் பாட்டு அடங்கும். ஒரே டிஸ்க்கில் 150 பாட்டு இருக்கிறது என்றால் அது எம்.பி.3 கோப்புகள் நிரப்பிய டேட்டா சிடி. கோப்பைத் திறந்து, சுருக்கிய ஒலியை விரித்துப் பாட அதற்கான சிப் வேண்டும். 1990-களில் வந்த பிளேயர்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது.

இன்னொரு விஷயம், 'ஃபைனலைஸ்'. பர்ன் செய்து முடித்ததும் டிஸ்க்கை 'மூட' வேண்டும். அப்போதுதான் அந்தப் பொருளடக்கம் முறையாக எழுதப்படும். மூடாத டிஸ்க்கை கம்ப்யூட்டரின் சிடி ரைட்டர் படித்துவிடும். சாதாரண பிளேயருக்கு அது வெறும் டிஸ்க்.

வெளிச்சம் குறைந்தால் கண் தெரியாது

கடையில் வாங்கும் அச்சிட்ட சிடியில் அலுமினியப் பூச்சு இருக்கும். விழும் லேசர் வெளிச்சத்தில் சுமார் 70 சதவீதமோ அதற்கு மேலோ திரும்பி வரும். பர்ன் செய்யும் சிடி-ஆரில் பள்ளங்களுக்குப் பதில் ஒரு சாயப் படலத்தைச் சூடாக்கி அடையாளம் போடுகிறார்கள். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவில் திரும்பும் வெளிச்சம் 15 முதல் 25 சதவீதம்தான். அவ்வளவு மங்கலான வெளிச்சத்தைப் பழைய பிளேயர்களால் பிடிக்க முடியாது.

ஆரம்பகால டிவிடி பிளேயர்களின் சிக்கல் வேறு. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். சிடி-ஆரின் சாயம் 780-க்காகவே உருவானது. 650-ல் அது வெளிச்சத்தைச் சரியாகத் திருப்பாது. அதனால் ஒரே பிளேயர் கடைச் சிடியைப் பாடும், வீட்டில் எழுதியதைப் பாடாது. பின்னால் வந்த மாடல்களில் இரண்டு லேசர்களையும் வைத்து இதைச் சரிசெய்தார்கள்.

வேண்டுமென்றே பாடாத சிடிகள்

2000-களின் தொடக்கத்தில், கம்ப்யூட்டரில் பாட்டை நகலெடுப்பதைத் தடுக்க சில இசை நிறுவனங்கள் சிடியிலேயே குளறுபடி செய்தன. பொய்யான பொருளடக்கம், செயற்கைப் பிழைகள் எனப் பல வழிகள். சாதாரண சிடி பிளேயர் முதல் பகுதியை மட்டும் படித்துப் பாடிவிடும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் படித்துக் குழம்பும். கம்ப்யூட்டர் டிரைவ் போன்ற பாகத்தை வைத்துச் செய்த கார் ஸ்டீரியோக்களும் டிவிடி பிளேயர்களும்கூடச் சேர்ந்து குழம்பின. காசு கொடுத்து வாங்கியவர்தான் ஏமாந்தார். இவை ரெட் புக் விதிக்கு உட்படாதவை, 'காம்பாக்ட் டிஸ்க்' முத்திரையைப் போடக்கூடாது என்று பிலிப்ஸ் ஆட்சேபித்தது.

உச்சம் 2005-ல் வந்தது. சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில சிடிகள், விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டதும் தன்னை மறைத்துக்கொள்ளும் மென்பொருளை உள்ளே இறக்கின. அந்த அக்டோபர் 31 அன்று மார்க் ரஸ்ஸினோவிச் என்ற மென்பொருள் வல்லுநர் இதை அம்பலப்படுத்தினார். வழக்குகள் பாய்ந்தன, அடுத்த மாதமே நிறுவனம் அந்தச் சிடிகளைத் திரும்பப் பெற்றது.

கீறலும் வயதும்

சின்னக் கீறலைச் சிடி தாங்கும். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை தகவல் போனாலும் பிழைதிருத்தும் முறை அதை ஈடுகட்டிவிடும். ஆனால் லென்ஸில் தூசியும் லேசருக்கு வயதும் சேர்ந்தால், புது பிளேயர் சமாளிக்கும் கீறலில் பழையது திக்கும். பலரும் பளபளக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். உண்மையில் ஆபத்து லேபிள் பக்கம்தான். உலோகப் பூச்சு அதற்குச் சற்றே கீழே இருக்கிறது; அங்கே கீறினால் தகவலே உரிந்து போகும். சிடி-ஆரின் சாயத்துக்கு வெயிலும் சூடும் எதிரி. கார் டாஷ்போர்டு அதற்கான இடம் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

சினிமாப் பாட்டு போனால் மொபைல் ஆப்பில் கிடைக்கும். தாத்தாவின் குரல், கல்யாணத்தில் பதிந்த நாதஸ்வரம், பள்ளி விழாப் பாட்டு எல்லாம் அந்த ஒரு சிடி-ஆரில் மட்டும்தான் இருக்கும்.

* ஒரு பிளேயர் மறுத்தால், வேறு இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள். சிடி-ஆரைப் படிக்க கம்ப்யூட்டரின் சிடி ரைட்டர் நல்ல தேர்வு. லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பி டிரைவ் போதும்.
* மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே போகும்; பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது.
* படித்ததும் உடனே நகலெடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

இன்று ஏதோ ஒரு டிரைவில் திறக்கும் டிஸ்க், சாயம் மங்கிய பிறகு எதிலும் திறக்காமல் போகலாம். அலமாரியில் கையால் பெயர் எழுதிய சிடி இருந்தால், முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.