முதியோர் சங்கத்து யாப்பு

தமிழாசிரியனாக இருந்த காலமெல்லாம், செய்யுளுக்கு யாப்பு இன்றியமையாதது என்று மாணவர்க்கு வற்புறுத்தி வந்தேன். தளை தட்டினால் வெண்பா வெண்பா ஆகாது. சீர் ஒன்று மிகுந்தாலும் குறைந்தாலும் காது அதனைக் கண்டுபிடித்துவிடும். சங்கங்களுக்கும் யாப்பு உண்டென்பதும், அந்த யாப்பினால் துன்புறுவது காதன்று, மனிதர் என்பதும் ஓய்வூதியம் பெறத் தொடங்கிய பின்னரே எனக்குத் தெரியவந்தன.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், விசுவமடுவைக் கடந்து புதுக்குடியிருப்பை நோக்கிச் செல்வோர் உடையார்கட்டைக் காண்பர். குளமும் அதன் நீரை நம்பிய வயலும் உள்ள ஊர். 2009ஆம் ஆண்டு ஜனவரியில் பாதுகாப்பு வலயமென்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் இவ்வூரும் அடங்கியிருந்தது. ஊர்ப் பாடசாலை மருத்துவமனையாக மாறிற்று. அந்த வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. பின்னர் மக்கள் கிழக்கே கடற்கரைவரை நகர்ந்ததும், மே மாதத்தில் யாவும் முடிந்தபின் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டதும், சிறிது சிறிதாக ஊர் திரும்பியதும் வாசகர் அறிந்தவை. திரும்பியவர்களுள் முதியவர் பலர் தனியராகவே திரும்பினர். பிள்ளைகளுள் மாண்டவர் சிலர், காணாமற் போனவர் சிலர், கடல்கடந்தவர் சிலர். பேரப்பிள்ளையின் குரலைத் தொலைபேசியிற் கேட்டு, அவன் பேசும் மொழி விளங்காமல் தலையசைக்கும் பாட்டன்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தகையோருக்காக அமைந்ததே முதியோர் சங்கம். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய புதுமையன்று. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயது நிறைந்தவரை முதியோர் என வரையறுத்தது. முதியோருக்கான தேசிய சபையையும் தேசிய செயலகத்தையும் தோற்றுவித்தது. அதன் வழியே கிராமந்தோறும், பிரதேசந்தோறும், மாவட்டந்தோறும் முதியோர் சங்கங்கள் எழுந்தன. தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி மனுச் செய்யவும் அச்சட்டத்தில் வழியுண்டு. நான் அறிய எங்கள் சங்கத்தில் ஒருவரேனும் அவ்வாறு மனுச் செய்ததில்லை. பெற்ற பிள்ளைமீது கடதாசி எழுதுவதா என்று கேட்பார்கள். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

இச்சங்கங்களில் அக்கிராசனர், காரியதரிசி, தனாதிகாரி, நிர்வாகசபை உறுப்பினர் ஆகிய எவருக்கும் ஊதியம் இல்லை. முதியோரை முதியோரே நிர்வகிக்கும் ஏற்பாடு இது. எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நான் அரைமணி பிந்திச் சென்றேன். அதற்குள் அக்கிராசனர் பதவிக்கு மூவர் போட்டியிட்டு ஒருவர் வென்றிருந்தார். போசகர் பதவிக்கு இருவர் மனத்தாங்கல் கொண்டிருந்தனர். தனாதிகாரிப் பதவியை மட்டும் எவரும் தீண்டவில்லை. “மாஸ்டர் வாறார், அவர் படிச்சவர், கணக்கு வடிவாய்ச் செய்வார்” என்று ஒருவர் முன்மொழிந்தார். நாற்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவனுக்குக் கூட்டற்கணக்கும் வருமென்று அவர் எவ்வாறு கண்டாரோ, நான் அறியேன்! பிந்திச் சென்றதற்குத் தண்டமென்று எண்ணி ஏற்றுக்கொண்டேன்.

பதவியை நாடுவோர் பலராகவும் கணக்கை நாடுவோர் எவருமிலராகவும் இருப்பது இன்று தோன்றிய வழக்கமன்று போலும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நான் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதிகள் அங்கே கல்லில் உள்ளன. வாரியத்துக்குக் காலம் 360 நாள். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவர் மீண்டும் வரலாகாது. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் அறவே வரலாகாது. அது நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமண ஆடவரின் சபை. எங்கள் பாயில் அமர்ந்திருப்பவருள் ஒருவருக்கேனும் அங்கே இடம் கிடைத்திராது. ஆயினும் கணக்கைப் பற்றி அவர்கள் அறிந்திருந்ததை நாம் இன்னும் அறியவில்லை. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு 70 வயதைக் கடந்தவரை விலக்குகிறது என்பதை ஒருமுறை கூட்டத்தில் சொன்னேன். 74 வயதான எங்கள் அக்கிராசனர் சிரிக்கவில்லை.

சங்கத்தின் வேலை என்ன? முதியோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்புதல், மாதக் கொடுப்பனவு தடைப்பட்டவரைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் செல்லுதல், ஒக்டோபர் முதலாந் திகதி முதியோர் தினத்துக்குப் பொன்னாடை வாங்குதல். இவையாவும் சில்லறை வேலைகள். சங்கத்தின் உயிர் மரணச் சகாய நிதியிலேயே இருந்தது. மாதச் சந்தாவில் பெரும்பங்கு அந்நிதியைச் சேரும். உறுப்பினர் ஒருவர் இறந்தால், அன்றைய தினமே வீட்டாரின் கையில் இருபதாயிரம் ரூபா சேரவேண்டும் என்பது விதி.

வெளியூரார் இதனைக் கேட்டு நகைத்ததுண்டு. வாழ்வோரை விட்டுவிட்டுச் சாவுக்குச் சேமிக்கும் கூட்டமென்பர். அவர்கள் 2009ஐ இங்கே இருந்து கண்டவரல்லர். பறை இல்லை, பந்தல் இல்லை, வாய்க்கரிசி இல்லை. இறந்தவரைக் கிடந்த இடத்திலே மண்ணால் மூடிவிட்டு அடுத்த இடம் நோக்கி நடந்தவர்கள் எங்கள் உறுப்பினர். அவர்களுள் ஒருவர் தம் மனைவியைப் பதுங்குகுழியிலேயே மூடிவிட்டு வந்தவர். அந்த இடத்தைப் பின்னர் தேடிச் சென்றும் அவரால் அடையாளங்காண முடியவில்லை. இத்தகையோர்க்கு ஒழுங்கான இறுதிச்சடங்கு என்பது ஆடம்பரமன்று. தம் சந்தாவை ஒருநாளும் பிந்தாமற் கட்டுவார்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டு நடுப்பகுதி. நாடெங்கும் எரிபொருள் இல்லை. நிரப்பு நிலையங்களில் வாகனங்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றன. ஓடிய சில பேருந்துகளிலும் இடமில்லை. முச்சக்கரவண்டிக்காரர் கேட்ட கூலி முதியவர் எவரும் கொடுக்கக் கூடியதன்று. அந்நாட்களில் ஒருநாட் காலை, எங்கள் உறுப்பினரான ஆச்சி ஒருவர் ஊன்றுகோலுடன் என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். எண்பதை நெருங்கிய தனிக்கட்டை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை செய்யலாமென்று சொல்லியிருந்தார்கள். இந்நாட்டில் அரசாங்க மருத்துவமனையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் மருத்துவமனைவரையுள்ள வழி இலவசமன்று. கூடச் செல்பவரின் சாப்பாடும் தங்குமிடமும் இலவசமல்ல.

ஆச்சி சங்கத்திடம் உதவி கேட்டார். நான் கணக்குப் புத்தகத்தை எடுத்து, போக்குவரத்துக்கு இவ்வளவு, துணைக்கு இவ்வளவு என்று பென்சிலாற் குறித்தேன். ‘கண்’ என்று தலைப்பும் இட்டேன். பிறகு யாப்பை எடுத்துப் பார்த்தேன். மரணச் சகாய நிதியிலிருந்து வேறெச் செலவும் செய்தலாகாது என்று அதில் தெளிவாக இருந்தது. பொது நிதியிலோ முதியோர் தினத்துக்கு வைத்த சிறுதொகையே மிச்சம். காரியதரிசியிடம் சென்றேன். யாப்பைத் திருத்தப் பொதுக்கூட்டம் வேண்டும், அதற்குப் பதினான்கு நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்றார். நிர்வாகசபையைக் கூட்டினோம், வாகனமின்றிப் பலர் வராமையால் கூட்ட நடப்பெண் சேரவில்லை. எல்லாம் முறைப்படியே நடந்தன.

ஆச்சியிடம் சென்று நிலைமையை விளக்கினேன். அவர் சிரித்தார்.

“தம்பி, நான் செத்தாப்பிறகு தாற காசை இப்ப தந்தால் என்ன? கண் தெரிஞ்சுகொண்டு சாவனே!”

இதற்கு விடை என்னிடம் இல்லை. யாப்பு இடந்தராது ஆச்சி என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து பென்சிற் குறிப்பைக் கோடிட்டு வெட்டினேன்.

ஏழு மாதம் கழிந்தது. அதிகாலையிற் கிணற்றடிக்குச் சென்றவர் கட்டில் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, இரு வாரத்தில் மறைந்தார். செய்தி வந்த ஒருமணி நேரத்துக்குள் இருபதாயிரம் ரூபாவையும் எண்ணி, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரியின் மகனிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். சங்கத்தின் வரலாற்றில் இத்துணை விரைவாகப் பணம் கொடுக்கப்பட்டதில்லை என்று அக்கிராசனர் இரங்கலுரையிற் பாராட்டினார். பந்தலில் அமர்ந்திருந்த எனக்கு எழுந்து செல்லவும் துணிவில்லை.

அன்றிரவு என்னை வருத்தியது வேறொன்று. யாப்பு நிதியைத்தான் கட்டியிருந்தது, பேனாவைக் கட்டவில்லை. 1986இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற அமைப்புகள் வறிய முதியோரின் கண்புரைச் சிகிச்சைக்கு உதவி வருகின்றன. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பிரதேச செயலகத்துச் சமூகசேவை உத்தியோகத்தரைக் கண்டிருக்கலாம். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஓரிடம் கேட்டிருக்கலாம். இவற்றுள் எதனையும் யாப்புத் தடுக்கவில்லை. பணமில்லை என்றதும் கடமை முடிந்ததாக நான் எண்ணிக்கொண்டேன்.

அமெரிக்காவில் ஈதெல் பெர்சி ஆன்ட்ரஸ் என்றொரு பெண்மணி இருந்தார். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். உதவி தேவைப்பட்ட முதிய ஆசிரியை ஒருவரைத் தேடிச் சென்றபோது, அவர் கோழிக்கூட்டில் வாழ்ந்து வருவதைக் கண்டார். ஓய்வூதியம் வயிற்றுக்கும் மருந்துக்கும் போதவில்லை. ஆன்ட்ரஸ் வீடு திரும்பி விதிகளைப் புரட்டவில்லை. 1947இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கமொன்றைத் தேசிய அளவில் தொடங்கினார். முதியோர்க்கு நோய்க்காப்புறுதி வழங்க மறுத்த கம்பனிகளின் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கி, ஈற்றில் அதனைப் பெற்றும் கொடுத்தார். 1958இல், தம் எழுபதுகளில், ஆசிரியரல்லாத முதியோர்க்கும் அதனை விரித்தார். ஏஏஆர்பி எனும் பேரமைப்பு அதிலிருந்து வளர்ந்ததே. அவர் கண்டதும் நான் கண்டதும் ஒன்றே, இருவரும் ஆசிரியர்கள். ஒப்புமை அவ்வளவில் நின்றுவிடுகிறது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நானே திருத்தப் பிரேரணை கொண்டுவர வேண்டுமென்று எண்ணியிருந்தேன். எனக்கு முன்னரே ஒருவர் எழுந்தார். எங்கள் உறுப்பினருள் பெண்களே பெரும்பான்மையினர். ஆயினும் கதிரைகளில் ஆண்களும் பாயில் பெண்களும் இருப்பதே வழக்கம். பாயிலிருந்து எழுந்தவர் ஒரு கைம்பெண். முன்னர் ஒருநாளும் கூட்டத்திற் பேசியறியாதவர். உறுப்பினர் விரும்பினால், மரணச் சகாயத்தில் பாதியை உயிரோடிருக்கையிலேயே வைத்தியத்துக்குப் பெறலாம் என்று விதி திருத்தப்பட வேண்டும் என்றார்.

பெரும் ஆரவாரம் எழுந்தது. மனைவியைப் பதுங்குகுழியில் விட்டு வந்த அந்த முதியவர் எழுந்து நின்றார்.

“உயிரோட இருக்கிறவனுக்கு ஆசுப்பத்திரி இருக்கு, பிள்ளையள் இருக்கினம். செத்தவனுக்கு ஆர் இருக்கினம்?”

சபை அடங்கிற்று. அவரை மறுத்துப் பேச எவருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பெண்மணியும் சிறிது நேரம் பேசாது நின்றார். பின்னர் மெல்லச் சொன்னார்:

“அண்ணை சொல்லுறது சரி. ஆனால் ஆச்சி கேட்டது எங்கட காசை இல்லை. தன்ர காசை.”

உத்திரமேரூரை அப்போது மீண்டும் நினைத்தேன். அங்கே 919இல் 30 முதல் 60 வரை என்று வயதெல்லை வகுத்தவர்கள், 921இல் அதனை 35 முதல் 70 வரை என மாற்றினர். கல்லில் வெட்டிய விதியை இரண்டே ஆண்டில் திருத்திய சபை அது! எங்களுடையதோ சாதாரணக் கடதாசி; அதுவும் தட்டச்சுப் பிழைகளோடு கூடியது. இதனை எழுந்து சொன்னேன். சிலர் விளங்கிக்கொண்டனர், பலர் மாஸ்டர் பாடம் எடுக்கிறார் என்று பொறுத்துக்கொண்டனர். எல்லோரும் பாதியைப் பெற்றால் நிதி வற்றாதா என்று கேட்டனர். அது நியாயமான கேள்வி; கணக்குப் புத்தகத்தைப் பிரித்து, ஆண்டுக்கு இத்தனை பேருக்கு மேல் கொடுப்பதற்கில்லை என்று வரம்பு கட்டினோம். கைகளை எண்ணியபோது திருத்தம் ஏழு வாக்குகளால் நிறைவேறிற்று. அந்த முதியவர் எதிராகவே வாக்களித்தார். கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, யாழ்ப்பாணத்துக்கு நோயாளருடன் துணை செல்ல ஆள் தேவையானால் தமக்கு வேறு வேலை இல்லையென்று சொல்லிச் சென்றார்.

தனாதிகாரிப் பதவியைத் தொடர்ந்து வகிக்க நான் உடன்படவில்லை. பிரேரித்த பெண்மணியே தெரிவானார். மறுநாள் மாலை அவர் வீட்டு விறாந்தையில், வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுக்கட்டு, சில்லறைப் பணம் யாவற்றையும் ஒப்புவித்தேன். நாணயங்களை இருமுறை எண்ணினார். பின்னர் கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“மாஸ்டர், இதில ‘கண்’ எண்டு பென்சிலால எழுதி வெட்டிக் கிடக்கு. இது என்ன கணக்கு?”

சொன்னேன். முழுவதையும் கேட்டிருந்துவிட்டு, அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.