வைரஸ் தொடாமலே படுத்தவர்கள்

2020 மார்ச், ஏப்ரல் மாதங்கள். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கிளீவ்லேண்ட் கிளினிக்கின் இரண்டு மருத்துவமனைகளுக்கு நெஞ்சுவலி என்று வந்தவர்களில் சிலர் மருத்துவர்களைக் குழப்பினார்கள். இசிஜி மாரடைப்பு என்றது. ரத்தப் பரிசோதனையும் இதயத் தசை அடிபட்டிருப்பதாகச் சொன்னது. ஆஞ்சியோ செய்து பார்த்தால் ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை. இதயத்தின் இடது கீழறை மட்டும் உப்பிப்போய், சுருங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. கொரோனாவாக இருக்குமோ என்று சோதித்தார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை.

நோய் ஒன்றும் புதிதல்ல. துணையைப் பறிகொடுத்தவர்களிடமும் நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1990 வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். பேரதிர்ச்சியில் ரத்தத்தில் பாயும் அட்ரினலின் இதயத் தசையையே மரத்துப்போக வைத்துவிடுகிறது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். முந்தைய ஆண்டுகளில் மாரடைப்பு அறிகுறிகளோடு வந்தவர்களில் 1.8 விழுக்காட்டைத் தாண்டாத இந்த நோய், அந்த இரண்டு மாதங்களில் 7.8 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது.

கொரோனா காலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு பேரேடு வைத்துக்கொள்கிறோம். வைரஸ் செய்தது ஒன்றில், ஊரடங்கு செய்தது இன்னொன்றில். முதலாவது நுரையீரல் சமாசாரம், இரண்டாவது மனசு சமாசாரம் என்று ஒரு நினைப்பு. உடம்புக்குள் அப்படி வரப்பு எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே ரத்தக் குழாயில், ஒரே சர்க்கரை அளவில், ஒரே தூக்கத்தில்தான் கை வைத்தன.

அச்சம் வந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை முடுக்குகிறது. கார்டிசால் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது, நோய் எதிர்ப்பு வேலைகள் சற்றுத் தள்ளி வைக்கப்படுகின்றன. துரத்தும் நாயிடமிருந்து ஓடித் தப்பிக்க இது போதும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வாடகை, வேலை, ஊருக்குப் போக முடியாத தவிப்பு போன்ற கவலைகள் ஓரிரு மணியில் முடிவதில்லை. மாதக்கணக்கில் கார்டிசாலிலேயே ஊறும் எதிர்ப்பு அணுக்கள் ஒரு கட்டத்தில் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. அழற்சியை அடக்கி வைப்பதும் கார்டிசாலின் வேலைதான். அது செல்லுபடியாகாமல் போனால் அழற்சி அளவு மீறும்.

இதைக் கையால் தொட்டுக் காட்டியது போல நிரூபித்தவர் உளவியலாளர் ஷெல்டன் கோஹன். 1991இல் வெளியான அவரது ஆய்வில், இங்கிலாந்தில் 394 ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் காய்ச்சல் வைரஸ்களைச் சொட்டு மருந்தாக விட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வைரஸ் போயும், நெருக்கடி அதிகமாக இருந்தவர்களுக்கே தொற்று கூடுதலாகப் பிடித்தது. சொட்டு விட்ட ஐந்து வைரஸ்களில் ஒன்று கொரோனா குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை இப்போது படித்தால் ஒரு கணம் நிற்கத்தான் தோன்றுகிறது. பிறகு 1998இல் அவர் செய்த ஆய்வில், ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தொல்லைகளே, குறிப்பாக வேலையின்மையும் உறவுச் சிக்கலும், ஆளைச் சாய்ப்பதாகத் தெரிந்தது. இதை வைத்து, கவலைப்பட்டவர்களுக்கெல்லாம் கொரோனா வந்தது என்று முடிவு கட்டக் கூடாது. கூட்டமும் காற்றோட்டமில்லாத அறையும் இருந்தால் கவலையே இல்லாதவருக்கும் வரும்.

சரி, ஊரடங்கில் நெருக்கியது எது? வீட்டுக்குள் இருப்பது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாம். மாடி, பால்கனி, மாதம் பிறந்தால் கணக்கில் விழும் சம்பளம் உள்ளவர்களில் பலருக்கு அது ஓய்வாகவே இருந்தது. மாவு பிசைந்து ரொட்டி சுட்டுப் படம் போட்டார்கள். எட்டுக்குப் பத்து அறையில் ஆறு பேர், தெருக் குழாயில் தண்ணீர், பொதுக் கழிப்பறை என்று வாழும் வடசென்னைக் குடும்பத்துக்கு வீட்டிலேயே இருங்கள் என்பதற்கு வேறு பொருள். அதைவிடவும் ஆழமாக வேலை செய்தது நிச்சயமின்மை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றில் கற்களைப் புரட்டச் சொன்னார்கள். கல்லுக்கடியில் பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று கரண்ட் ஷாக். ஷாக் கட்டாயம் உண்டு என்று தெரிந்தபோது அவர்களுக்கு இருந்த படபடப்பைவிட, வரலாம் வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றபோது இருந்த படபடப்பே அதிகம்.

இந்த வெளிச்சத்தில் நம் ஊரடங்கைப் பாருங்கள். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவு முதல் 21 நாள். பிறகு மே 3 வரை, மே 17 வரை, மே 31 வரை. ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில்தான் அடுத்த தேதி தெரிந்தது. ஏப்ரல் 25 அன்று, மறுநாள் முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் சென்னை மக்கள் காய்கறிக்காக முண்டியடித்தார்கள். அடுத்த சில நாட்களில் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. இத்தனைக்கும், பழைய தொற்றுக் காலத் தனிமைப்படுத்தல்கள் பற்றிய 24 ஆய்வுகளை லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் தொகுத்து, 2020 பிப்ரவரியிலேயே லான்செட் இதழில் எழுதியிருந்தார்கள். நாள் கூடக் கூட மனம் கெடும். தகவல் தெளிவாக இருக்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் கையில் இருக்க வேண்டும். சொன்ன நாளை நீட்டிக்காதீர்கள். இவ்வளவுதான் சாரம்.

அந்தத் தொகுப்பு எச்சரித்த இன்னொன்று அவப்பெயர். தொற்று வந்த வீட்டு வாசலில் மாநகராட்சி தகரம் அடித்தது, கதவில் நோட்டீஸ் ஒட்டியது. குணமாகி வந்தவர்களையும் தெருவே ஒதுக்கியது. ஏப்ரல் 19 அன்று கொரோனாவில் இறந்த சென்னை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லும் கட்டையும் வீசினார்கள். அவருடைய சக மருத்துவரே நள்ளிரவில் மண்ணை அள்ளிப் போட்டுப் புதைக்க நேர்ந்தது. இப்படி ஒரு செய்தியைப் படித்த பிறகு, காய்ச்சல் வந்தால் யார் வெளியே சொல்வார்கள்? அஞ்சி மறைத்து, மூச்சு முட்டிய பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்கள் பலர். வாசலில் நோட்டீஸ் ஒட்டும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் கட்டுப்படுத்தியது.

இனி வைரஸின் பக்கம். அது நுழையும் வாசல் ஏசிஇ2 என்ற புரதம். அந்த வாசல் நுரையீரலில் மட்டுமல்ல. குடலில், சிறுநீரகத்தில், இதயத்தில் என்று பல இடங்களில் இருக்கிறது. அதனால்தான் ஒருவருக்கு வயிற்றுப்போக்காகவும் இன்னொருவருக்குக் கால் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டியாகவும் காட்டியது. வாசனை தெரியாமல் போனதற்குக் காரணம்கூட முகரும் நரம்பு செத்ததல்ல. அதைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களை வைரஸ் தாக்கியதுதான். பலருக்கும் சில வாரங்களில் காபி மணம் திரும்பியதன் காரணமும் அதுவே. ஆனாலும் அது லேசாக எடுத்துக்கொள்ளக் கூடியதில்லை. பிரிட்டனில் 785 பேரின் மூளையைத் தொற்றுக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டபோது, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகள் தொற்று வந்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகச் சுருங்கியிருந்தன. 2022இல் வெளியான இந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது லேசான கொரோனாதான்.

இரண்டு பேரேடும் ஒன்றாகும் பக்கம் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. ஊரடங்கில் நடைப்பயிற்சி நின்றது, தூக்கம் கெட்டது, அரிசியைத் தவிர வேறு இல்லாத வீட்டில் சோறே மூன்று வேளையும். கவலையால் கார்டிசால் ஏறி, அது சர்க்கரையை ஏற்றியது. பஸ் ஓடாததால் அரசு மருத்துவமனையில் மாதாமாதம் வாங்கும் மாத்திரை விட்டுப்போனது. இப்படிச் சர்க்கரை ஏறிய உடம்பில் வைரஸ் நுழைந்து அதை இன்னும் ஏற்றியது. அதற்கு மேல் சிகிச்சையின் பங்கு. கடும் கொரோனாவில் உயிர் காத்த மருந்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு இதை உறுதி செய்தது; வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது கார்டிசாலுக்கு ஒன்றுவிட்ட உறவு. எல்லை மீறிய அழற்சியை அடக்கும், கூடவே சர்க்கரையை எகிற வைக்கும். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்று அதே ஆய்வு சொல்லியிருந்தது. 2021 கோடையில் அதை யார் கேட்டார்கள்? காய்ச்சல் வந்த முதல் நாளே வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச்சீட்டைப் பார்த்து ஸ்டீராய்டு விழுங்கினார்கள். நாடெங்கும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருப்புப் பூஞ்சை வந்தது. பெரும்பான்மையினர் சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். கண்ணை எடுத்து உயிரைக் காக்க வேண்டிய நிலை பலருக்கு. இதில் எவ்வளவு வைரஸ், எவ்வளவு பயம், எவ்வளவு மருந்து என்று பிரித்துச் சொல்ல முடியுமா? அதே ஆண்டு மே மாதம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்காக ராத்திரி பகலாகக் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. இறப்பை அது பெரிதாகத் தடுக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஆறு மாதம் முன்பே காட்டியிருந்தது.

மருத்துவமனைக்குப் போக அஞ்சியவர்களின் கணக்கும் உண்டு. நாட்டின் 187 மருத்துவமனைகளை இந்திய இதயவியல் சங்கம் ஆராய்ந்தபோது, 2020 மார்ச் நடுவிலிருந்து மூன்று மாதங்களில் மாரடைப்புக்குச் சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தார்கள். மாரடைப்பு திடீரென்று குறைந்துவிடவில்லை. வாயுப் பிடிப்பு என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். காசநோயாளிகளாகப் பதிவானவர்கள் 2019இல் 24 லட்சம், 2020இல் 18 லட்சம். மீதி ஆறு லட்சம் பேரில் பலர் மருந்தில்லாமல் சிறிய அறைகளில் இருமிக்கொண்டிருந்தார்கள். காசநோய்க்கு வீட்டுக்குள் அடைபட்ட காற்றும் காலி வயிறும் போதும். வயிற்றின் பங்கு எவ்வளவு என்று பின்னர் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு காட்டியது: நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்ததில், அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அம்மா உணவகங்கள் ஊரடங்கிலும் மூடப்படாததையும், ரேஷனில் இலவச அரிசி கொடுத்ததையும் அந்த நாளில் நிவாரணம் என்றோம். அவற்றை மருத்துவம் என்றே எழுதியிருக்கலாம். ரேஷன் அட்டை இல்லாத வடமாநிலத் தொழிலாளர்களில் பலருக்கு அந்த மருத்துவமும் எட்டவில்லை.

டாஸ்மாக் மூடியதைப் பலர் கொண்டாடினார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். அவர்களுக்கு அந்த நாட்களில் தேவைப்பட்டது படுக்கையும் மருந்தும். கிடைக்காமல், கிடைத்ததைக் குடித்துச் செத்த செய்திகள் வந்தன. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு போட்ட ஆணையை அங்குள்ள உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மருத்துவர்களே அதை எதிர்த்தார்கள், எதிர்த்தது சரியும்கூட. மாற்று ஏற்பாட்டைத்தான் எந்த மாநிலமும் போதுமான அளவு செய்யவில்லை.

குழந்தைகளின் கண்ணையும் சொல்ல வேண்டும். சீனாவின் ஃபெய்செங் நகரில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்ததில், ஆறு வயதுக்காரர்களிடம் கிட்டப்பார்வை அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 5.7 விழுக்காட்டைத் தாண்டியதில்லை, 2020இல் 21.5. வெயில் வெளிச்சம் கண்ணில் படும்போது விழித்திரையில் சுரக்கும் டோபமின் கண்கோளம் நீள்வதைத் தடுக்கிறது. அங்கே சில மாத அடைப்புக்கே இந்த நிலை. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குள் மீண்டும் கால் வைத்தது 2021 நவம்பர் 1 அன்று.

ஊரடங்கே தவறு என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச்சில் நம்மிடம் தடுப்பூசி இல்லை, சோதனைக் கருவி போதவில்லை, ஆக்சிஜன் படுக்கை போதவில்லை, அவகாசம் தேவைப்பட்டது. சாலை விபத்துச் சாவுகள்கூட 2019இல் 1,51,113 ஆக இருந்தது 2020இல் 1,31,714 ஆகக் குறைந்தது. ஆனால் அதே ஆண்டு தற்கொலைச் சாவுகள் 1,39,123இலிருந்து 1,53,052 ஆயின. அவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலி. தொலைக்காட்சியில் அந்த நாட்களில் மூச்சுப் பயிற்சியும் நேர்மறைச் சிந்தனையும் சொல்லிக் கொடுத்தார்கள், வீடு வீடாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான். கூலி இல்லாதவனின் கார்டிசாலை இறக்க அதைவிடக் கூலி நல்லது.

வைரஸ் போன பிறகும் உடம்பில் கணக்கு முடியவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்ததில், கொரோனா வந்து போனவர்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 40 விழுக்காடு அளவுக்குக் கூடியிருந்தது. மாதக்கணக்கில் அசதி, மூச்சு வாங்கல், மறதி என்பவர்களைச் சோம்பேறி என்று வீட்டார் ஏசுவது இன்னும் நடக்கிறது. அவர்களுக்கு முதலில் வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றுக்கும் ஒரு சோதனை. மனம் கனத்துத் தாங்க முடியாதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, 104ம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருப்பது பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை என்று 2020இல் நடந்த மாநில ஆய்வொன்று சொன்னது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. சுகர் மாத்திரையும் பி.பி. மாத்திரையும் அன்று முதல் வீட்டு வாசலுக்கு வருகின்றன. அடுத்த ஊரடங்கு எப்போது வந்தாலும், பஸ் நின்ற மறுநாளும் அந்த மாத்திரைப் பை வருமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.