வீட்டு ஆளுக்கு என்ன கூலி?

பேரூர்ப் பக்கமோ அவிநாசிப் பக்கமோ, பண்ணயம் பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடி டீ குடிக்கும் இடத்தில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "ரெண்டு ஏக்கராக்காரன் எடுக்கிற மகசூலைப் பத்து ஏக்கராக்காரன் எடுக்க முடியாதுங்க" என்பது ஒன்று. "சின்னப் பண்ணயம் கட்டுபடியே ஆகறதில்லீங்க" என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே டம்ளர் டீ முடிவதற்குள் சொல்லிவிடுவதும் உண்டு. கேட்கிற நமக்குத்தான் குழப்பம். ஏக்கருக்கு அதிகம் விளைந்தால் கட்டுபடி ஆகத்தானே வேண்டும்?

இரண்டு பேச்சுமே உண்மை. அது எப்படி என்பதை வைத்து இந்தியப் பொருளாதார அறிஞர்கள் ஒரு தலைமுறைக் காலம் மல்லுக்கட்டினார்கள். அந்த மல்லுக்கட்டுக்கு மூலமான கணக்கு நோட்டுகளில் ஒரு பங்கு கொங்கு நாட்டுத் தோட்டங்களில் எழுதப்பட்டது. டீ ஆறுவதற்குள் முடிகிற கதையில்லை. நிதானமாகப் போவோம்.

1954-55இல் மத்திய அரசு 'பண்ணை நிர்வாக ஆய்வுகள்' என்று ஒன்றைத் தொடங்கியது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம். நில உச்சவரம்பு வேண்டுமா, எவ்வளவு நிலம் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும் என்றெல்லாம் டெல்லியில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு குடியானவர் வருடம் முழுக்க என்ன செலவழிக்கிறார், என்ன எடுக்கிறார் என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. அதனால் ஆறு பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். பஞ்சாபில் அமிர்தசரஸும் பெரோஸ்பூரும், வங்காளத்தில் ஹூக்ளியும் 24 பர்கானாவும் என்று போகிற அந்தப் பட்டியலில், அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தவை சேலமும் கோயம்புத்தூரும். அன்றைய கோவை மாவட்டத்துக்குள் இன்றைய ஈரோடு, திருப்பூர் எல்லாம் அடக்கம். சேலத்துக்குள் தர்மபுரியும் நாமக்கல்லும் இருந்தன. கரூரை விட்டுவிட்டால் ஏறக்குறைய கொங்கு முழுவதுமே அந்த ஆய்வுக்குள் வந்துவிட்டது.

கணக்கு எடுக்க இரண்டு வழிகளைப் பரீட்சித்தார்கள். ஒரு வழியில் அலுவலர் எப்போதாவது வந்து, "போன போகத்தில் எத்தனை ஆள் வைத்தீர்கள்?" என்று கேட்டு எழுதிப் போவார். மற்ற வழியில் ஒரு களப்பணியாளர் அந்த ஊரிலேயே குடியிருந்து, தேர்ந்தெடுத்த வீடுகளில் அன்றாடம் நடப்பதை அன்றாடம் எழுதுவார்: இன்று எத்தனை பேர் வேலை செய்தார்கள், மாடு எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை வண்டி எரு போனது. ஆராய்ச்சி என்றதும் சோதனைக் குழாயும் கண்ணாடிக் கூண்டும் நினைவுக்கு வருகிறதல்லவா? இங்கே ஆராய்ச்சிக் கருவி ஒரு நோட்டும், ஊர் நாய்க்குப் பழகிப்போன ஒரு மனிதரும்தான்.

அந்த நோட்டில் ஓர் இடத்தில் பேனா தயங்கும். உரம் வாங்கினால் கடையில் பில் உண்டு. கூலியாளுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று வீட்டுக்காரருக்கே தெரியும். ஆனால் காலை ஆறு மணிக்கு வரப்பு வெட்டப் போன வீட்டுக்காரருக்கும், களை எடுக்கப் போன அவர் மனைவிக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் கட்டிய பையனுக்கும் யார் கூலி கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. பூஜ்யம் என்று எழுதுவதா? வெளியாளை வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை எழுதுவதா? ஆய்வாளர்கள் இரண்டாவது வழிக்குப் போனார்கள். ஊரில் நடக்கிற கூலி என்னவோ அதையே வீட்டாளுக்கும் போட்டார்கள். கை மாறாத இந்தக் கூலிக்கு 'மதிப்பிட்ட கூலி' என்று பெயர். இனி நாம் பேசப்போகும் அவ்வளவும் இந்த ஒரு கட்டத்தில்தான் தொங்குகிறது.

1962 பிப்ரவரியில், பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'எகனாமிக் வீக்லி'யின் ஆண்டு மலரில், 28 வயது அமர்த்தியா சென் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இந்தப் பண்ணை ஆய்வுகளில் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்பத் தெரிவதாகச் சொன்னார். வீட்டாள் உழைப்புக்கும் ஊர்க் கூலி போட்டுப் பார்த்தால் இந்திய விவசாயத்தில் பெரும்பகுதி நட்டத்தில் ஓடுகிறது. நிலம் பெரிதாகப் பெரிதாக லாபம் கூடுகிறது. நிலம் பெரிதாகப் பெரிதாக ஏக்கருக்கு விளைச்சலோ குறைகிறது. டீக்கடையில் கேட்ட இரண்டு பேச்சும் அப்படியே வந்துவிட்டன, பாருங்கள்.

எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க, இன்றைய விலையில் ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஊர்க் கூலி நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு ஏக்கராக்காரர் ஏக்கருக்கு 50,000 ரூபாய்க்கு விளைவிக்கிறார். விதை, உரம், உழவுக்கு 21,000. எட்டு நாள் வெளியாளுக்கு 4,000. கையில் மிச்சம் 25,000. இதற்கு வீட்டில் உள்ளவர்கள் 60 நாள் உழைத்திருக்கிறார்கள். அந்த 60 நாளுக்கும் கூலி போட்டால் 30,000. ஆக, 5,000 ரூபாய் நட்டம். பத்து ஏக்கராக்காரருக்கு ஏக்கருக்கு 42,000தான் விளைகிறது. அதே 21,000 இடுபொருள். கூலியாள் 28 நாளுக்கு 14,000. அவர் நின்று பார்த்த இரண்டு நாளுக்கு 1,000. மீதி 6,000 லாபம். குறைவாக விளைவித்தவருக்கு லாபம், கூடுதலாக விளைவித்தவருக்கு நட்டம்!

இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறோம். அதுவும் இரண்டு பக்கமாக. ஒரு சாரார் ஏக்கர் விளைச்சலை மட்டும் பார்த்துவிட்டு, "சின்ன விவசாயிதான் கெட்டிக்காரன், அவனுக்கு ஒன்றும் குறையில்லை" என்கிறார்கள். இன்னொரு சாரார் நட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "கணக்குத் தெரியாமல் மண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறான்" என்கிறார்கள். மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பார்ப்போம். 60 நாளுக்கு 25,000 என்றால் நாளுக்குச் சுமார் 417 ரூபாய். ஊர்க் கூலியைவிட 83 ரூபாய் குறைவு, அவ்வளவுதான். 'நட்டம்' என்று தாளில் வந்ததன் பொருள் அவர் பையிலிருந்து பணம் போனது என்பதல்ல. வெளியில் கிடைக்கக்கூடிய கூலியைவிடத் தன் நிலத்தில் குறைவாகச் சம்பாதித்தார் என்பது. ஏக்கர் விளைச்சல் மண்ணைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்கிறது. உழைத்தவருக்கு என்ன நின்றது என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. நிலம் நன்றாகக் கொடுக்கலாம். உழைப்பு மலிவாகப் போகலாம். ஒன்றினாலேயே மற்றது நடக்கலாம்.

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். நாம் உட்கார்ந்திருக்கும் கடையையே எடுத்துக்கொள்வோம். இதைக் கணவனும் மனைவியுமாக நடத்தினால் இரவு பதினொரு மணி வரை திறந்து வைப்பார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் நாலு டீதான் போகும். இருந்தாலும் வந்தவரைக்கும் லாபம். சம்பள ஆள் வைத்து நடத்துகிற முதலாளி பத்து மணிக்கே ஷட்டரை இழுத்துவிடுவார். நாலு டீ காசு அந்த ஒரு மணி நேரச் சம்பளத்துக்குக் காணாது. ஒரு நாளில் அதிக டீ விற்றது குடும்பக் கடை. நிலத்திலும் இதுவே நடக்கிறது என்றார் சென். வேறு வேலை கிடைக்காத வீட்டாள், மூன்றாவது களையும் எடுப்பார், வரப்போரம் நாலு ஆமணக்கும் ஊன்றுவார். கூலிக்கு ஆள் வைப்பவர் இரண்டாவது களையோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு பேரும் புத்திசாலிகள்தான். இரண்டு பேருக்கும் உழைப்பின் விலைதான் வேறு. 1920களிலேயே ரஷ்யக் குடியானவர்களைப் பற்றிச் சயானோவ் என்ற அறிஞர் கிட்டத்தட்ட இந்தத் திசையில் யோசித்திருந்தார்.

அந்தக் காலக் கொங்கில் இது இன்னும் பொருந்தும். பைக்காரா மின்சாரம் 1930களிலேயே வந்துவிட்டாலும், 1950களில் மாடு பூட்டிச் சால் இழுக்கும் கவலையை ஓட்டித்தான் பெரும்பாலான தோட்டங்களில் தண்ணீர் இறைத்தார்கள். விடிவதற்கு முன்பே ஒரு ஆளும் ஒரு ஜோடி மாடும் இறங்கினால், சால் ஏறி இறங்கி அரைக்கால் ஏக்கரா, கால் ஏக்கரா நனைவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். ஒரு தண்ணீர் கூடுதலாக விடுவதா வேண்டாமா என்பதே ஆள் கணக்குத்தான். கூலிக்குக் கவலை ஓட்டச் சொல்வதற்கும், சொந்த மாட்டை ஓட்டிக்கொண்டு தானே பின்னால் நடப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

சென் சொன்னதோடு விஷயம் தீர்ந்துவிடவில்லை. ஆராய்ச்சி என்றால் அடுத்தவர் வந்து கிளறத்தான் செய்வார். நல்ல மண்ணும் நல்ல கிணறும் உள்ள இடத்தில் நிலம் துண்டு துண்டாகப் பங்காகியிருக்கும், மானாவாரிக் காடுதான் பெரிது பெரிதாகக் கிடக்கும், அப்படியிருக்க விளைச்சலைத் தீர்மானித்தது ஆளா, தண்ணீரா என்று கேட்டார்கள். நம் ஊரில் கிணற்றுத் தோட்டத்தையும் மேட்டுக்காட்டையும் பார்த்தவருக்கு இந்தக் கேள்வியின் நியாயம் உடனே புரியும். அசோக் ருத்ரா 1968இல், ஒரே ஊருக்குள் பண்ணை பண்ணையாக எடுத்துப் பார்த்தால் ஏக்கர் விளைச்சலில் இந்தச் சரிவு பல இடங்களில் காணவில்லை என்றார். கிருஷ்ணா பரத்வாஜ் 1974இல் இந்த ஆய்வுகளையே வைத்து ஒரு புத்தகம் எழுதி, சின்ன நிலத்தவர்கள் ஆள் அதிகம் கேட்கிற பயிர்களையும் கூடுதல் போகங்களையும் எடுப்பதைக் காட்டினார். என்னைக் கேட்டால், தண்ணீரும் ஆளும் தனித்தனிக் காரணங்களாக நிற்பதே இல்லை. தண்ணீர் இருந்தால்தான் ஆளுக்கு வேலை.

இத்தனையும் பழங்கதை என்று தோன்றினால் செய்தித்தாளைப் புரட்டுங்கள். குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி வருகிற சண்டையில் ஏ2, எஃப்எல், சி2 என்று எழுத்துகள் அடிபடுகின்றன அல்லவா? அவை அந்தப் பழைய நோட்டின் வாரிசுகள். கையை விட்டுப் போன செலவு, குத்தகை உட்பட, ஏ2. வீட்டாளின் மதிப்பிட்ட கூலி எஃப்எல். இவற்றோடு சொந்த நிலத்தின் வாடகை, போட்ட முதலின் வட்டி எல்லாம் சேர்த்தால் சி2. 2023-24 காரீப் பருவத்தில் ஒரு குவிண்டால் நெல்லுக்கு ஏ2-வும் எஃப்எல்-லும் சேர்ந்து 1,455 ரூபாய்; அதில் ஒன்றரை மடங்குதான் அறிவித்த 2,183. சி2 செலவு 1,911. விவசாயச் சங்கங்கள் கேட்பது இதற்கு ஒன்றரை மடங்கு, அதாவது 2,866 ரூபாய் 50 காசு. எந்த எழுத்து என்பதில் குவிண்டாலுக்கு 683 ரூபாய் நிற்கிறது. இந்தச் செலவுக் கணக்கைத் தமிழ்நாட்டில் எடுப்பது கோவையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டாளுக்கு ஊர்க் கூலி என்கிறோம். ஊரில் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. அதனால் ஒரே தோட்டத்தில் ஒரே பொழுது நின்றாலும் வீட்டுக்காரரின் நாளும் அவர் மனைவியின் நாளும் ஒரே விலைக்கு ஏறுவதில்லை. கட்டுத்தரை கூட்டிச் சாணி வழித்த நேரம் கணக்கில் எவ்வளவு வந்தது என்பதும், எழுதுகிறவர் கேட்ட கேள்வியைப் பொறுத்தது.

சென் எழுதியபோது ஒரு முக்கியமான அனுமானம் இருந்தது: வீட்டாளுக்கு வெளியே வேலை இல்லை. 1980களின் நடுவிலிருந்து கொங்கில் அது ஆட்டம் கண்டது. திருப்பூர் பனியன் ஏற்றுமதி பெருகி, பல்லடம், அவிநாசி, காங்கேயம் வட்டாரத்து ஊர்களுக்குக் கம்பெனி வண்டி வர ஆரம்பித்தது. தாளில் மட்டும் இருந்த கூலி நிஜக் கூலி ஆயிற்று. ஷரத் சாரி 2004இல் எழுதிய 'ஃப்ரேட்டர்னல் கேபிடல்' என்ற நூல், குடியானவக் குடும்பங்களிலிருந்து வேலைக்குப் போய்ப் பிறகு முதலாளிகளான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்குச் சொல்லும் காரணம் 'உழைப்பு' என்பதை விரிவாக ஆராய்கிறது. தோட்டத்தில் விலையில்லாமல் கிடந்த அதே சரக்கு!

இப்போது ரெண்டு ஏக்கராக்காரரின் மகன் திருப்பூரில் ஷிப்டுக்குப் போகிறார். அவரைப் பொறுத்தவரை நாளுக்கு 83 ரூபாய் நட்டம் என்பது நிஜ நட்டம். அதனால்தான் களைக்கு ஆள் இல்லை, தென்னை ஏறியது, சொட்டு நீர்க் குழாய் வந்தது. ஆனால் வீட்டில் 65 வயது அப்பா இருக்கிறார். அவருக்கு எந்தக் கம்பெனியும் ஷிப்டு தராது. அவர் காலையில் போய் இரண்டு தென்னைக்குப் பாத்தி கட்டிவிட்டு வந்தால், 1962இல் சென் சொன்ன கணக்கு அவருக்கு மட்டும் இன்னும் அப்படியே பொருந்துகிறது. அந்தக் குடும்பத்துக் கணக்கை எழுத வருகிறவர் அவருக்கும் ஊர்க் கூலியைத்தான் போட்டாக வேண்டும்.